ஆய்வேட்டுக்கு அரையாண்டுக் கூட்டம் உண்டு, ஆய்வாளரின் எதிர்காலத்துக்கு?

இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்துள்ள ஒவ்வோர் ஆய்வாளரும் பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன்னிலையில் தம் பணியை எடுத்துரைக்க வேண்டும். சுருக்கமான அறிக்கையொன்றையும் அளிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் 7 அன்று அறிவித்த முனைவர் பட்ட விதிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வளாகப் பேச்சில் இக்கூட்டத்துக்கு ஆர்.ஏ.சி. என்று பெயர். அங்கே கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் எல்லாத் துறைகளிலும் ஒன்றுபோலவே இருக்கும்: எத்தனை இயல் எழுதியாயிற்று, தரவு போதுமா, கருதுகோள் மாறியுள்ளதா, களப்பணி எப்போது முடியும். விடைகளைக் கேட்டுக் குழுவினர் கையொப்பமிட்டு எழுந்துவிடுவர்.

கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. இந்த ஆய்வேட்டை எழுதுகிறவர், அது முடிந்தபின் எந்தப் பணிக்குச் செல்ல விரும்புகிறார்? அதற்காகக் கடந்த ஆறு மாதத்தில் எதைக் கற்றார்? வரும் ஆறு மாதத்தில் நெறியாளர் அவருக்கு எதைச் செய்து தர வேண்டும்? ஆய்வேட்டின் வளர்ச்சிக்குப் படிவம் உண்டு, குழு உண்டு, தேதி உண்டு. ஆய்வாளரின் வளர்ச்சிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அது தேநீர்க்கடைப் பேச்சுக்கும், நெறியாளர் நல்ல மனநிலையில் இருக்கும் ஏதோவொரு மாலைப்பொழுதுக்கும் விடப்பட்டுள்ளது.

இந்நிலை மாற வேண்டும். அதை மாற்றத் தொடங்க வேண்டியவர் ஆய்வாளரே. தம் பணிவாழ்வுக்கான திட்டத்தை அவரே எழுதி, நெறியாளரின் முன்வைத்து, அதற்கு எந்தெந்த வகையில் ஆதரவு வேண்டும் என்பதையும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அக்கேள்விக்குச் செவிசாய்ப்பதை நெறியாளர் தம் கருணையாகக் கொள்ளாமல் கடமையாகக் கொள்ள வேண்டும். அதற்கான இடத்தை அரையாண்டு அறிக்கைப் படிவத்திலேயே பல்கலைக்கழகங்கள் ஒதுக்க வேண்டும்.

இக்கோரிக்கை எழும்போதெல்லாம் துறைகளில் வழங்கும் விடை ஒன்று உண்டு: “முதலில் தீசிசை முடியுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” இதைச் சொல்லும் பேராசிரியர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்துடனேயே சொல்கிறார்கள். அவர்கள் ஆய்வாளர்களாக இருந்த காலத்தில் பட்டம் முடித்தவருக்கு அந்தப் ‘பிறகு’ ஓரளவு கிடைத்தும் இருக்கலாம். இன்று அது எங்கே இருக்கிறது என்பதை நாட்காட்டியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

2022 விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்த அளவு 3 ஆண்டுகள். மிகுந்த அளவு 6 ஆண்டுகள். மறுபதிவின் வழியாக மேலும் 2 ஆண்டுகள் பெறலாம். ஆனால் மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகையும் அதைத் தொடரும் முதுநிலை ஆய்வு உதவித்தொகையும் சேர்ந்தே 5 ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ரூ.37,000, மதிப்பீட்டுக்குப் பின் ரூ.42,000. ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டால் ஐந்தாண்டு நிறைவதற்கு முன்பே அதுவும் நின்றுவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இந்த உதவித்தொகை இல்லாதவர் பெறுவது மாதம் ரூ.8,000. ஒப்படைத்த ஆய்வேட்டை மதிப்பிட்டு வாய்மொழித் தேர்வையும் முடிக்க விதிமுறை தரும் காலவரம்பு 6 மாதம். ஆகவே, திட்டமிட்டபடி எல்லாம் நடந்தாலும், உதவித்தொகை நின்ற நாளுக்கும் பட்டம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே அரையாண்டு வருமானமின்றிக் கழியக்கூடும். ஆறாம் ஆண்டுக்குள் நுழைந்தவருக்கு அந்த இடைவெளி இன்னும் நீளும். ‘பிறகு’ என்று ஒத்திவைக்கப்பட்ட திட்டமிடல் தொடங்க வேண்டிய காலம் இதுதான்: கையில் பணமில்லை, விடுதி அறையைக் காலிசெய்ய வேண்டும், வீட்டிலிருந்து தொலைபேசி வந்தவண்ணம் இருக்கிறது.

பட்டமே பணியைத் தந்துவிடும் என்ற நம்பிக்கையும் இன்று உறுதியானதாக இல்லை. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் 2021 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று 2018 விதிமுறைகள் அறிவித்தன. பின்னர் அத்தேதி 2023 ஜூலை 1-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த நாள் வந்தபோது விதியே திருத்தப்பட்டது: நெட், செட், ஸ்லெட் தகுதித் தேர்வுகளே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் விருப்பத்துக்குரியது. 2019-இல் இப்பட்டத்தை நம்பி ஆய்வில் சேர்ந்த ஒருவருக்கு, அவர் பாதி வழியில் இருக்கும்போதே போகுமிடத்தின் நுழைவு விதி இருமுறை மாறிவிட்டது.

ஆய்வுக் கட்டுரைகளின் நிலையும் இதுவே. 2016 விதிமுறைகள் ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒரு கட்டுரை வெளியீட்டையும் இரண்டு கருத்தரங்க உரைகளையும் கட்டாயமாக்கியிருந்தன. 2022 விதிமுறைகள் அக்கட்டாயத்தை நீக்கின. போலி இதழ்களின் பெருக்கத்தைக் கண்டவர்கள் இதை வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால் உதவிப் பேராசிரியர் பணிக்கான குறும்பட்டியல் மதிப்பெண்களில் வெளியீடுகளுக்கு இடம் இருக்கவே செய்கிறது. பட்டத்துக்குத் தேவையில்லாதது பணிக்குத் தேவைப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை யார் அளந்து சொல்வது? விதிமுறை சொல்லாது. ஆய்வாளர் தாமே அளக்க வேண்டும். நெறியாளர் உடனிருந்து உதவ வேண்டும்.

பிற நாடுகள் சில இதற்கு வழி வகுத்துள்ளன. பிரிட்டனில் ஆய்வாளர்களின் பணிவாழ்வு மேம்பாட்டுக்கான உடன்பாடு 2008-இல் உருவாகி 2019-இல் திருத்தப்பட்டது. ஆய்வுப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாட்களைத் தொழில்முறை வளர்ச்சிக்கென ஒதுக்க வேண்டும் என்று அது நிறுவனங்களிடம் எதிர்பார்க்கிறது. அமெரிக்காவின் தேசிய உடல்நல நிறுவனங்கள், தம் நிதியில் ஆய்வுசெய்யும் மாணவர்களுக்குத் தனிநபர் வளர்ச்சித் திட்டம் பயன்படுகிறதா என்பதை ஆண்டு முன்னேற்ற அறிக்கையில் குறிப்பிடும்படி 2014 அக்டோபர் முதல் கேட்கின்றன. அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் தன் நிதியில் கணிசமாகப் பங்குபெறும் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் இத்தகைய திட்டத்தை 2024 முதல் கட்டாயமாக்கியுள்ளது.

அயல்நாட்டு ஏற்பாடுகளை அப்படியே இறக்குமதி செய்வதில் பயனில்லை. அங்கும் பல இடங்களில் இது படிவம் நிரப்பும் சடங்காகிவிடுகிறது என்ற குறை உண்டு. ஆயினும் ஒரு நுட்பம் கவனத்துக்குரியது. உடல்நல நிறுவனங்கள் திட்டம் பயன்படுத்தப்படுகிறதா என்று மட்டுமே கேட்கின்றன. திட்டத்தையே அறிக்கையுடன் இணைக்க வேண்டாம் என்கின்றன. திட்டம் எழுதுவது பொது நடைமுறை. அதில் எழுதப்படுவது ஆய்வாளருக்கும் அவர் நம்புகிறவர்களுக்கும் உரியது. நெறியாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையே அதிகார வேறுபாடு மிகுந்திருக்கும் இந்தியச் சூழலுக்கு இந்தப் பிரிவினை மிகவும் பொருந்தும்.

இந்திய விதிமுறைகளில் பணிவாழ்வுத் திட்டம் என்ற சொல் இல்லை. ஆனால் அதற்கு இடம் தரும் வாயில்கள் உண்டு. ஆய்வாளர் எத்துறையினராயினும் தம் பாடம் சார்ந்த கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்று 2022 விதிமுறைகள் கூறுகின்றன. வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் வரை பயிற்சி வகுப்பு, ஆய்வகப் பணி, மதிப்பீடு ஆகியவற்றில் அவரை ஈடுபடுத்தலாம் என்கின்றன. பல துறைகளில் இந்த மணிநேரம் விடைத்தாள் திருத்துவதிலும், கருத்தரங்குக்கு வருவோருக்கு வண்டி ஏற்பாடு செய்வதிலும் கரைந்துவிடுகிறது. அதே மணிநேரத்தில் முதுகலை மாணவர்களுக்கு ஒரு பாட அலகை முழுமையாக நடத்தி, பாடத்திட்டம், வினாத்தாள், மாணவர் கருத்து ஆகியவற்றைத் தொகுத்து வைத்தால், நேர்முகத் தேர்வில் காட்டத்தக்க கற்பித்தல் அனுபவம் ஒன்று உருவாகிவிடும். இரண்டுக்கும் ஆகும் காலம் ஒன்றே. எது நடக்கும் என்பதை நெறியாளரின் ஒரு சொல் தீர்மானிக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டுப் பெறுவதற்குத்தான் திட்டம் வேண்டும்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஐதராபாத்தில் மொழியியல் ஆய்வில் மூன்றாம் பருவத்தில் இருக்கும் ஒரு பெண், கோலாமி மொழியின் ஒலியனியலை ஆராய்கிறார். கோலாமி, தெலங்கானாவின் ஆதிலாபாத் வட்டாரத்திலும் அதையடுத்த மகாராஷ்டிரப் பகுதிகளிலும் பேசப்படும் நடுத்திராவிட மொழி. எமனோ 1955-இல் வெளியிட்ட இலக்கண நூலால் உலக மொழியியலாளர்கள் அறிந்த மொழி. இந்த ஆய்வாளருக்கு மூன்று வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒன்று, பல்கலைக்கழகக் கற்பித்தல். இரண்டு, மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் போன்ற இடங்களில் மொழி ஆவணப்படுத்தல். அழிநிலை மொழிகளுக்கான திட்டம் ஒன்று அங்கே 2013-இல் தொடங்கப்பட்டது. மூன்று, பேச்சுத் தொழில்நுட்பம். 2022-இல் பாஷிணி திட்டம் தொடங்கப்பட்டது முதல் இந்திய மொழிகளின் பேச்சுத் தரவுக்கான தேவை வெளிப்படையாகத் தெரிகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத், ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யின் மொழித் தொழில்நுட்ப ஆய்வு மையம் ஆகியன இத்துறையில் இயங்குகின்றன.

இம்மூன்றில் ஒன்றை மூன்றாம் பருவத்திலேயே அவர் முடிவுசெய்தாக வேண்டியதில்லை. செய்ய வேண்டியது, மூன்றுக்கும் எவை தேவை என்று எழுதிப் பார்ப்பது. கற்பித்தலுக்கு நெட் தேர்ச்சி, தரமான இதழில் ஒன்றிரண்டு கட்டுரைகள், வகுப்பு நடத்திய அனுபவம். ஆவணப்படுத்தலுக்கு ஒலிப்பதிவு முறை, பேசுவோரின் இசைவைப் பதிவுசெய்யும் நெறி, பதிவுகளுக்கான விவரக்குறிப்பு எழுதும் பழக்கம், எலான் போன்ற மென்பொருளில் ஒலியையும் எழுத்தையும் நேரத்தோடு பொருத்தும் திறன். பேச்சுத் தொழில்நுட்பத்துக்குப் பிராட் மென்பொருளில் ஒலி அலைப் பகுப்பாய்வு, ஓரளவு பைத்தான், பலர் செய்த குறிப்பீடுகள் ஒத்துப்போகின்றனவா என்று அளக்கும் முறை.

எழுதிப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆதிலாபாத்தில் அவர் எப்படியும் செய்யப்போகும் ஒலிப்பதிவைச் சரியான இசைவுப் படிவத்துடனும் விவரக்குறிப்புடனும் நேரம் பொருத்திய எழுத்துப்படியுடனும் செய்துவிட்டால், அது ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்கும் உதவும், கட்டுரைக்கும் உதவும், ஆவணக் காப்பகத்துக்கும் ஏற்றதாகும், பேச்சுத் தொழில்நுட்பக் குழுவினரிடம் காட்டத்தக்க மாதிரியாகவும் அமையும். பதிவை முடித்துவிட்டு நான்காம் ஆண்டில் இதை உணர்ந்தால் பயனில்லை. விவரக்குறிப்பு இல்லாத நூறு கோப்புகளுக்கு அப்போது யார் பேசினார், எந்த ஊர் என்று நினைவிலிருந்து எழுத முடியாது. பணிவாழ்வுத் திட்டம் ஆய்வேட்டின் காலத்தைத் தின்றுவிடும் என்ற அச்சம் இங்கே நீங்குகிறது. நல்ல திட்டம் ஒரே உழைப்பை இரண்டு மூன்று கணக்கில் வரவு வைக்கிறது. அதற்கு அது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

நெறியாளரிடம் கேட்பதிலும் ஓர் இலக்கணம் உண்டு. “சார், எனக்கு ஏதாவது வழி சொல்லுங்கள்” என்ற வேண்டுகோளுக்கு எந்த நெறியாளராலும் விடை சொல்ல இயலாது. அதில் செயல் இல்லை, பொருள் இல்லை, காலம் இல்லை. மாறாக, “டிசம்பரில் இரண்டு வாரம் ஒலிப் பகுப்பாய்வுப் பயிற்சிக்குச் செல்ல அனுமதி வேண்டும். இரண்டாம் இயலின் தரவை அங்கேயே பகுப்பாய்ந்துவிடுவேன். புறப்படும் முன் முதல் இயலின் வரைவைத் தந்துவிடுகிறேன்” என்றால், அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூற முடியும். இல்லை என்றால் காரணம் கேட்க முடியும். திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் எழுவாய் இருக்க வேண்டும்: இதைச் செய்ய வேண்டியவர் ஆய்வாளரா, நெறியாளரா, துறையா? எழுவாய் இல்லாத வரிகளே பல ஆண்டுத் திட்டங்களில் நிறைவேறாமல் கிடக்கின்றன.

நெறியாளரின் ஆதரவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஐந்து சிறு செயல்களில் அடங்கிவிடும். நேரம் தருதல், பயிற்சிக்கும் கருத்தரங்குக்கும் அனுமதி தருதல், அறிந்தவரிடம் அறிமுகம் செய்தல், பரிந்துரைக் கடிதத்தை உரிய நாளுக்குள் எழுதுதல், இந்தப் பணிக்கு நீங்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று தேவைப்படும்போது நேர்மையாகச் சொல்லுதல். ஐந்தாவதே அரிதானது, மிகவும் பயன் தருவதும் அதுவே. பேச்சுத் தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆள் எடுக்கும் முறை என்னவென்று இலக்கணப் பேராசிரியர் அறிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. “எனக்குத் தெரியாது, ஆனால் தெரிந்த ஒருவர் இருக்கிறார்” என்று சொல்லும் மனம் இருந்தால் போதும்.

நெறியாளர்களுக்கு நேரமில்லை என்ற வாதத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். விதிமுறைகளின்படி பேராசிரியர் ஒருவர் ஒரே காலத்தில் 8 முனைவர் பட்ட ஆய்வாளர்கள் வரை நெறிப்படுத்தலாம். இணைப் பேராசிரியர் 6. உதவிப் பேராசிரியர் 4. எண்மருக்கும் பருவத்துக்கு அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கினால் ஆறு மாதத்துக்கு மொத்தம் 4 மணி நேரம். பாடவேளையும் நிர்வாகப் பணியும் தரமதிப்பீட்டுக் கோப்புகளும் பேராசிரியர்களை அழுத்துகின்றன என்பது உண்மையே. ஆயினும் ஆறு மாதத்தில் நான்கு மணி நேரம் கிடைக்காது என்று சொல்வது கடினம்.

திட்டமிடத் தொடங்கினால் ஆய்வாளர்கள் வேறு வேலைக்கு ஓடிவிடுவார்கள் என்பது மற்றொரு அச்சம். போகிறவர்கள் இப்போதும் போகிறார்கள், பெரும்பாலும் சொல்லாமலே போகிறார்கள். வங்கித் தேர்வுக்கோ பள்ளி ஆசிரியர் தேர்வுக்கோ மறைவாகப் படித்து, ஒருநாள் ஆணை வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். பாதி எழுதிய ஆய்வேடு மடிக்கணினியில் கிடக்கிறது. ஓராண்டு முன்பே அது பேசப்பட்டிருந்தால், களப்பணியைச் சுருக்கி ஆய்வேட்டை முடித்துவிட்டுப் போகும் வழியொன்று தென்பட்டிருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் விடக் கடினமான தடை ஒன்று உண்டு. வருகைப் பதிவு, உதவித்தொகைத் தொடர்ச்சி, அரையாண்டு அறிக்கை, ஆய்வேட்டு ஒப்படைப்பு என்று ஆய்வாளரின் வாழ்வு நெறியாளரின் கையொப்பத்தின் வழியாகவே நகர்கிறது. குழுவைக் கூட்டுபவரும் அவரே. அத்தகையவரிடம் சென்று “கற்பித்தலில் எனக்கு நாட்டமில்லை” என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? தம் வழியில் வருவார் என்று எண்ணி வளர்த்த மாணவர் வேறு திசை சொல்லும்போது மனம் வருந்தாத நெறியாளரும் அரியவர். அந்த வருத்தம் அடுத்த பரிந்துரைக் கடிதத்தில் எதிரொலிக்குமோ என்ற அச்சம் வெறும் கற்பனையாகவே இருந்தாலும், ஆய்வாளரின் வாயை அடைக்க அதுவே போதும்.

ஆகவே திட்டம் இரண்டு தாள்களாக இருப்பது நல்லது. முதல் தாள் ஆய்வாளருக்கு மட்டும் உரியது. விருப்பங்கள், அச்சங்கள், குடும்பத்தின் பணத்தேவை, இந்த ஊரில் எத்தனை ஆண்டு இருக்க முடியும் என்ற கணக்கு எல்லாம் அதில் இடம்பெறும். இரண்டாம் தாளில் வரும் ஆறு மாதத்தில் கற்க வேண்டிய திறன்கள், செய்ய வேண்டிய பணிகள், யாரிடமிருந்து என்ன உதவி என்பவை மட்டும் இருக்கும். நெறியாளர்முன் வைக்கப்படுவது அதுவே. “பிராட் மென்பொருளில் பயிற்சி” என்ற வரி எந்த வழிக்கும் பொதுவானது. அதைக் காட்டுவதற்குத் தம் கனவு முழுவதையும் ஒருவர் வெளியிட வேண்டியதில்லை. குழுவின் மற்ற உறுப்பினர்களும் இங்கே துணையாகலாம். நெறியாளரிடம் சொல்ல இயலாததைக் கேட்கும் செவி ஒன்று அக்குழுவிலேயே இருப்பது ஆய்வாளருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை அவர்கள் உணர வேண்டும்.

எழுதப்பட்ட நடைமுறையால் மிகவும் பயன்பெறுகிறவர்கள், வீட்டில் இதையெல்லாம் சொல்லித் தர ஆளில்லாதவர்கள். பேராசிரியர் குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கு எந்த இதழ் நல்லது, எந்தக் கருத்தரங்கில் யாரைச் சந்திக்க வேண்டும், விண்ணப்பக் கடிதத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்பவை உணவு மேசையிலேயே கிடைத்துவிடுகின்றன. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவருக்கு நெறியாளரைத் தவிர வேறு வாயில் இல்லை. அந்த வாயிலும் முறைசாரா நெருக்கத்தால் மட்டுமே திறக்கும் என்றால், ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர், தேநீருக்கு உடன் செல்லக் கூச்சப்படாதவர், நெறியாளரின் ஊரையோ சாதியையோ சேர்ந்தவர் ஆகியோருக்கே அது முதலில் திறக்கும். எவரும் தீய எண்ணத்துடன் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. பழக்கமே அதைச் செய்துவிடும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் ஒரு தாள், கூச்சப்படுகிறவருக்கும் அதே அரைமணி நேரத்தை உறுதிசெய்கிறது.

பெண் ஆய்வாளர்களின் திட்டத்தில் சில வரிகள் கூடுதலாக இருக்க வேண்டும். 2022 விதிமுறைகள் அவர்களுக்கு மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை அளிக்கின்றன. காலவரம்பில் கூடுதலாக 2 ஆண்டுகள் தளர்வும் தருகின்றன. திருமணத்தாலோ பிற காரணத்தாலோ வேறு ஊருக்குப் பெயரும் பெண், தம் ஆய்வுத் தரவைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பெறுகிறார். ஆனால் அந்த ஆய்வு, நிதிநல்கை பெற்ற நெறியாளரின் அல்லது நிறுவனத்தின் திட்டப்பணியைச் சார்ந்ததாக இருந்தால் அவ்வுரிமை இல்லை. தரவு யாருடையது என்ற கேள்விக்கு முதலாண்டிலேயே எழுத்தில் விடை பெற்றுவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா? ஐந்தாம் ஆண்டில், பெட்டி கட்டிய பிறகு கேட்டால் அது பூசலாகிவிடும். முதலாண்டில் கேட்டால் அது திட்டத்தின் ஒரு வரியாகவே இருக்கும்.

பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது மிகச் சிறியது. அரையாண்டு அறிக்கைப் படிவத்தின் இறுதியில் இரண்டு வரிகளைச் சேர்க்கலாம்: “கடந்த பருவத்தில் ஆய்வாளரின் பணிவாழ்வுத் திட்டம் குறித்து நெறியாளருடன் கலந்துரையாடல் நடைபெற்றதா? நடைபெற்ற நாள்?” உள்ளடக்கம் கேட்கப்பட வேண்டியதில்லை. நாள் கேட்கப்படும்போது உரையாடல் நிகழும். முதல் சில பருவங்களில் அதுவும் சடங்காகவே நடக்கலாம். கலந்துரையாடலே நடக்கவில்லை என்று ஒருவர் எழுத்தில் பதிவுசெய்ய முடியும் என்ற நிலை வந்தாலும், அது இன்று இல்லாத ஒன்று.

ஆய்வாளர்கள் அந்தப் படிவம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆர்.ஏ.சி.க்கு இரண்டு வாரம் முன்பு, ஆய்வேட்டின் முன்னேற்ற அறிக்கையைத் தயாரிக்கும் அதே மேசையில் அமர்ந்து, உதவித்தொகை நிற்கும் மாதம், ஒப்படைக்க எண்ணும் மாதம், முதல் ஊதியம் தேவைப்படும் மாதம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதலாம். அவற்றுக்கிடையே எத்தனை மாத இடைவெளி என்று எண்ணலாம். அந்த இடைவெளியைக் குறைக்க இந்தப் பருவத்தில் செய்யக்கூடிய இரண்டு செயல்களையும், நெறியாளரிடம் கேட்க வேண்டிய ஒன்றையும் அதன்கீழ் எழுதி, நேரம் கேட்டு அவர் அறைக்குச் செல்லலாம். நெறியாளர்களும் தம் பங்குக்கு, இயல்களைப் பற்றிய கேள்விகள் முடிந்ததும் கையொப்பமிடுவதற்குமுன் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: “முடித்தபின் என்ன செய்ய எண்ணியிருக்கிறீர்கள்? அதற்கு இந்த ஆறு மாதத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?”